வரைகலை, பல்லூடக மென்பொருள்களில் எதிலிருந்து தொடங்குவது? (பள்ளிச் சின்னம் பதாகையில் உடைகிறது)

வைகைக்கரை | நவம்பர் 18, இரவு 9.12

அவையினருக்கு வணக்கம். நான் தேனி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வரும் ஜனவரி இறுதியில் எங்கள் பள்ளியின் நூற்றாண்டு விழா நடைபெறவிருக்கிறது. "நீங்கள்தான் படம் வரைபவர் ஆயிற்றே" என்று சொல்லி, விழாச் சின்னம், பத்தடிக்கு எட்டடி அளவில் ஒரு பிளெக்ஸ் பதாகை, நான்கு பக்க அழைப்பிதழ், பழைய மாணவர்களின் நினைவுகளைத் தொகுத்து மூன்று நிமிடக் காணொளி ஆகிய நான்கையும் தலைமையாசிரியர் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். தாளும் தூரிகையும் பழகிய கை இது. கணினியில் மதிப்பெண் பட்டியலைத் தட்டச்சு செய்ததைத் தாண்டி எனக்கு அனுபவம் இல்லை.

சின்னத்தைக் கையால் வரைந்து, கைபேசியில் படமெடுத்து, ஒரு செயலியில் பின்னணியை வெள்ளையாக்கி, 600-க்கு 600 பிக்சல் அளவில் சேமித்தேன். திரையில் அழகாகவே இருந்தது. பிளெக்ஸ் கடைக்காரரோ அதைத் திறந்து பார்த்தவுடனே, "மேடம், பெரிசாக்கினா உடையும், கோரல்ல கர்வ் இருந்தா குடுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். உடைவது என்றால் என்ன, கர்வ் என்றால் என்ன என்று அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அழைப்பிதழில் வேறொரு சிக்கல்: "கொடியேற்றம்" என்று தட்டச்சு செய்தால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் சிதறி நிற்கின்றன.

ஃபோட்டோஷாப், கோரல் டிரா, இன்னும் பெயர் தெரியாத பல மென்பொருள்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கும் ஒன்பது வாரங்களில் நான் எதைக் கற்றுக்கொண்டால் இந்த நான்கு வேலைகளும் முடியும்? என் மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம் உள்ளது.

படப்புள்ளி | நவம்பர் 18, இரவு 10.47

வணக்கம் அம்மா. பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பல்லூடகப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். எந்த மென்பொருள் என்ற கேள்வியைச் சிறிது நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, கணினி ஒரு படத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டீர்களானால், கடைக்காரர் சொன்ன இரண்டு சொற்களுக்கும் பொருள் தெரிந்துவிடும். மென்பொருளும் தானாகவே முடிவாகிவிடும்.

வாசலில் கோலம் போடுகிறோம். போட்டு முடித்த கோலத்தை மேலிருந்து படமெடுத்து, மாவு விழுந்த ஒவ்வோர் இடத்தையும் ஒரு கட்டத்தாளில் குறித்து வைத்தால் அது ஒரு முறை. கைபேசிப் படம் அப்படிப்பட்டது. வரிசை வரிசையாகப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். இதை ராஸ்டர் என்கிறோம். ஆனால் கோலம் போடுகிறவர் அதை அப்படியா நினைவில் வைத்திருக்கிறார்? எத்தனை புள்ளி, எந்தப் புள்ளியைச் சுற்றிக் கோடு வளைகிறது என்ற முறைதான் அவர் கையில் இருக்கிறது. அதனால்தான் சிறிய வாசலிலும் கோயில் பிராகாரத்திலும் அதே கோலத்தை அவரால் பிசகில்லாமல் போட முடிகிறது. இது வெக்டர். உங்கள் சின்னத்தைப் பதாகையில் மூன்றடி அகலத்துக்கு இழுத்தால், 600 புள்ளிகளில் ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீட்டர் சதுரமாகிவிடும். ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியும். அதைத்தான் கடைக்காரர் உடைவது என்கிறார். கர்வ் என்று அவர் கேட்டது வெக்டர் கோட்டை.

கோலத்தை நான் வெறும் உவமையாகக் கொண்டுவரவில்லை. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களுடன் கமலா கிருதிவாசன் ஆகியோர், கோலங்களைக் கணினிக்குப் புரியும் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டிய கட்டுரை 1974-ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு வரைகலை ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது.

இரண்டு முறைகளில் வெக்டர் சார்ந்த ஊடாட்டம்தான் முதலில் புகழ்பெற்றது என்பதையும் சொல்ல வேண்டும். 1963-இல் எம்ஐடி நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து தம் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிப்பேனாவால் திரையில் கோடு வரையவும், வரைந்த கோட்டைப் பிடித்து இழுத்து மாற்றவும் இடமளித்தது. பிரான்சில் சிட்ரோயன் நிறுவனத்தின் பால் த கஸ்தல்ஜோவும், ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியேயும் மகிழுந்தின் உடல் வளைவுகளைக் கணக்காக எழுதும் தேவையிலிருந்து ஒரே வளைகோட்டைத் தனித்தனியே வந்தடைந்தார்கள். முந்தியவர் கஸ்தல்ஜோ, ஆனால் அவருடைய நிறுவனம் அதை வெளியில் சொல்லவிடாததால், பெயர் பெசியேக்குப் போய்விட்டது. இரண்டு முனைகள், இழுத்துப் பிடிக்க இரண்டு கைப்பிடிகள், ஆக நான்கே புள்ளிகளில் ஒரு வளைவு முழுவதும் அடங்கிவிடும். இன்று நீங்கள் படிக்கும் தமிழ் எழுத்துருக்களின் ஒவ்வொரு சுழியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வளைகோடுதான்.

ஆகவே சின்னத்துக்கு வெக்டர் மென்பொருள், பழைய நிழற்படங்களைச் சரிசெய்ய ராஸ்டர் மென்பொருள், காணொளிக்குத் தொகுப்பு மென்பொருள் என்று மூன்று வகை உங்களுக்குத் தேவைப்படும். இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல.

அச்சுமை | நவம்பர் 19, காலை 7.05

சிவகாசியில் முப்பது ஆண்டுகளாக ஆஃப்செட் அச்சகத்தில் இருக்கிறேன். மேலே எழுதியவர் சொன்னது சரி. கோரல் டிரா 1989-இல் வந்தது. ஃபோட்டோஷாப் அதற்கு மறு ஆண்டு, முதலில் மெக்கின்டாஷ் கணினிக்கு மட்டும் வந்தது. எங்கள் பக்கத்து அச்சகங்களிலும் பிளெக்ஸ் கடைகளிலும் கோரல் நிலைத்துவிட்டதால், அந்தக் கோப்பாகக் கொடுத்தால் அவர்களுக்கு வசதி. கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. எழுத்துகளைக் கர்வாக மாற்றிய பிடிஎஃப் கொடுத்தால் எந்த அச்சகமும் ஏற்றுக்கொள்ளும். எங்களிடம் ஒரு கணினியில், பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். பழைய வாடிக்கையாளர்களின் கோப்புகளுக்காக அதை விடாமல் வைத்திருக்கிறோம்.

கட்டற்றவன் | நவம்பர் 19, காலை 11.30

அம்மா, பணம் செலவழிக்காமலும், யாரோ பூட்டை உடைத்துக் கொடுத்த திருட்டுப் பிரதியை நிறுவாமலும் இந்த வேலைகளைச் செய்யலாம். பள்ளிக்கணினியில் அத்தகைய பிரதியுடன் நச்சுநிரல் புகுந்து மதிப்பெண் கோப்புகளெல்லாம் போன கதையை நேரில் பார்த்தவன் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

வெக்டருக்கு இங்க்ஸ்கேப் போதும். 2003-இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து கிளைத்தது; அதன் இயல்பான கோப்பு வகை எஸ்விஜி. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், வெறும் எழுத்தாகவே இருக்கும். வட்டம் என்றால் மையம் எங்கே, ஆரம் எவ்வளவு, நிறம் என்ன என்று ஒரே வரி. அந்த ஒரு வரியைத் தபால்தலை அளவிலும் அச்சிடலாம், தேர்ச்சீலை அளவிலும் அச்சிடலாம். நிழற்படத் திருத்தத்துக்குக் கிம்ப். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாத்திஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995-இல் தொடங்கியது. 2025 மார்ச்சில் மூன்றாம் பதிப்பு வந்திருக்கிறது. பக்கம் கோப்பதற்கு ஸ்கிரைபஸ்.

சின்னத்தின் படத்தை இங்க்ஸ்கேப்பில் இறக்கி, பிட்மேப்பை, அதாவது ராஸ்டர் படத்தை, கோடாக்கும் வசதியைச் சொடுக்கினால் சில நொடிகளில் வெக்டராகிவிடும்.

வைகைக்கரை | நவம்பர் 22, இரவு 8.20

அனைவருக்கும் நன்றி. கோல விளக்கத்தை ஆறாம் வகுப்பிலும் சொல்லிவிட்டேன். இரண்டு மாணவிகள் மறுநாளே கட்டத்தாளில் கோலம் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

கட்டற்றவன் ஐயா சொன்னபடி சின்னத்தைத் தானாகக் கோடாக்கும் வசதியில் இட்டேன். கோடானது உண்மைதான். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் நேர்கோடெல்லாம் கம்பளிப்பூச்சியாக நெளிகிறது. முனைப்புள்ளிகள் நான்காயிரத்துக்கும் மேல் இருப்பதாக மென்பொருள் காட்டுகிறது. இன்னொன்று, பதாகைக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும் என்று எங்கோ படித்து, கிம்பில் பத்தடிக்கு எட்டடி அளவில் 300 என்று கொடுத்துப் புதிய படம் திறந்தேன். கணினி மூச்சடைத்து நின்றுவிட்டது. அரைமணி நேரம் காத்திருந்து அணைத்துவிட்டேன்.

படப்புள்ளி | நவம்பர் 22, இரவு 9.55

நண்பர் கட்டற்றவன் சற்று அவசரப்பட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன். தானாகக் கோடாக்கும் வசதி, தாளின் சொரசொரப்பையும் கைபேசியின் நிழலையும் கூட வடிவம் என்று நம்பிக் கோடு போட்டுவிடும். நீங்கள் ஓவியர், படத்தை அடியில் ஓர் அடுக்காக வைத்துப் பூட்டிவிட்டு, அதன் மேல் பேனாக் கருவியால் நீங்களே வரையுங்கள். வளைவின் உச்சிகளில் மட்டும் முனைப்புள்ளி வையுங்கள்: மேலே ஒன்று, கீழே ஒன்று, இடமும் வலமும் ஒவ்வொன்று. பெசியே வளைகோட்டால் வட்டத்தை முற்றிலும் துல்லியமாக வரைய முடியாது என்பது கணிதம். ஆனால் இப்படி நான்கு துண்டுகளை இணைத்தால் வரும் பிழை ஆரத்தில் பத்தாயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. மூன்றடி அகல வட்டத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. நான்காயிரம் புள்ளிகள் தராத நேர்த்தியை நாற்பது புள்ளிகள் தரும்.

300 டிபிஐ பற்றி: கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடி என்பது 120 அங்குலம், எட்டடி என்பது 96 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 36,000-க்கு 28,800. அதாவது 103 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் என்றால் ஓர் அடுக்குக்கே 3.1 ஜிபி. நான்கு அடுக்கு வைத்தால் உங்கள் நினைவகம் முழுவதும் போய்விடும். இதே பதாகைக்கு 72 டிபிஐ என்றால் 8,640-க்கு 6,912. ஓர் அடுக்குக்கு 18 கோடி பைட் அளவில் முடிந்துவிடும்.

குறைத்தால் தரம் கெடாதா என்று கேட்பீர்கள். நல்ல பார்வையுள்ள கண், பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தைப் பிரித்தறியும். ஓரடித் தொலைவில் பிடித்துப் படிக்கும் அழைப்பிதழில் அந்தக் கோணம் ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர், அதை அங்குலத்துக்கு மாற்றினால் 290 புள்ளிக்கு அருகில் வரும். 300 என்ற எண் பொருந்துவது அதனால்தான். 72 டிபிஐ புள்ளியின் அகலம் 0.35 மில்லிமீட்டர், நான்கடி தள்ளி நின்றாலே கண்ணுக்கு அது தனியாகத் தெரியாது. பதாகையை மூக்கை ஒட்டிப் பார்ப்பவர் யார்?

அச்சுமை | நவம்பர் 23, காலை 6.50

பேராசிரியர் கண்ணை வைத்துச் சொன்ன கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சகத்தில் 300 வந்த வழி வேறு. ஆஃப்செட்டில் வெளிர்நிறம் என்று தனியே மை கிடையாது. சிறு புள்ளிகளாக அச்சிட்டு வெளிர்த்துக் காட்டுகிறோம். பளபளப்புத் தாளில் அங்குலத்துக்கு 150 வரி ஸ்கிரீன் என்பது வழக்கம். படத்தில் அதற்கு இருமடங்கு புள்ளி இருந்தால் குறையில்லாமல் வரும் என்ற அளவில் 300 நிலைத்தது. செய்தித்தாள் போன்ற சொரசொரப்பான தாளில் ஸ்கிரீனும் குறையும், படத்துக்கும் அவ்வளவு வேண்டியதில்லை. அம்மா, அழைப்பிதழ்ப் படத்துக்கு 300, பதாகைப் படத்துக்கு 72, சின்னத்துக்கு எந்த எண்ணும் வேண்டாம். அவ்வளவுதான்.

படப்புள்ளி | நவம்பர் 23, காலை 9.14

ஏற்கிறேன் ஐயா. அச்சகத்தின் காரணம்தான் வரலாற்றுக் காரணம். நான் சொன்னது அது ஏன் போதுமானதாக இருக்கிறது என்பதற்கான விளக்கம் மட்டுமே.

எழுதுகோல்_யாழ் | நவம்பர் 24, மாலை 5.36

யாழ்ப்பாணத்தில் பத்திரிகை ஒன்றிற்குப் பல ஆண்டுகள் பக்கம் வடிவமைத்தவன். கொம்பும் காலும் சிதறும் விடயத்தைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. அழைப்பிதழ் பார்ப்பவர்கள் முதலில் காண்பது அதைத்தான்.

நாங்கள் பாமினி எழுத்துருவில் வேலை செய்த காலத்தில், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஒட்டி வைத்திருந்தோம். கொம்பை முதலில் அடிப்போம், பிறகு "க", பிறகு கால். கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. அடித்த வரிசையில் வடிவங்களை அடுக்கிவிடும். அதனால் எந்த மென்பொருளிலும் எழுத்து உடையவில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது: எழுத்துருவை மாற்றினால் எல்லாம் விளங்காத குறிகளாகிவிடும், ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. தமிழகத்திலும் இதே நிலை. ஆளுக்கொரு குறியாக்கம் (எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்ற ஒழுங்கு) இருந்த நிலையில் 1999-இல் டாம், டாப் என்று தரப்படுத்தினார்கள், 2010-இல் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான யூனிகோடையும் டேஸ்16-ஐயும் அரசின் தரமாக அறிவித்தார்கள்.

யூனிகோடில் "கொ" என்பது "க" என்ற உயிர்மெய்க்குப் பின் ஒகரக் குறி ஒன்று, ஆக இரண்டே குறிகள். அந்த ஒற்றைக் குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை "க"வுக்கு முன்னும் மறுபாதியைப் பின்னும் நிறுத்துவது மென்பொருளுக்குள் இருக்கும் எழுத்துக்கோப்புப் பொறியின் வேலை. அந்தப் பொறி இல்லாத மென்பொருளில், அல்லது அதை முடக்கி வைத்த மென்பொருளில், தமிழ் சிதறும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் எழுத்து அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இட்ட பிறகுதான் தமிழ் ஒழுங்காக வந்தது. அந்தத் தெரிவு இருப்பதே தெரியாமல் எத்தனையோ பேர் பாமினிக்குத் திரும்பிப் போனார்கள். இங்க்ஸ்கேப்பும் கிம்பும் பாங்கோ என்ற பொதுநிரலைப் பயன்படுத்துவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆசிரியை எந்தச் செயலியில் தட்டச்சு செய்தாரோ தெரியவில்லை. இங்க்ஸ்கேப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கட்டமரான், முக்தா மலர் ஆகியவற்றில் ஒன்றை வைத்து முயன்று பாருங்கள். நான்கும் கட்டணமின்றிக் கிடைப்பவை. அழைப்பிதழின் உடல் எழுத்துக்கு மீரா இனிமை என் தெரிவு. சுழிகள் அடைபடாமல் இருக்கும்.

அச்சகத்திற்கு அனுப்புமுன் எழுத்தைக் கர்வாக மாற்றும்போது மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்து வையுங்கள். மாற்றிய பிறகு அது எழுத்தல்ல, வெறும் படம். நேரமோ பெயரோ பிழையாக இருந்தால் ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது.

அச்சுமை | நவம்பர் 24, இரவு 7.02

கடைசிப் பத்தியைச் சிவப்பு மையில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம்.

நிறத்தைப் பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன். திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டுகிறது. மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகள் தாளின் வெள்ளையிலிருந்து ஒளியைக் கழிக்கின்றன. ஒன்று விளக்கு, மற்றொன்று சாயம். ஆகையால் திரையில் கண்ணைப் பறிக்கும் பச்சையும் நீலமும் தாளில் வராது. இது அச்சகத்தின் ஏமாற்று அல்ல.

இதைவிட முக்கியமானது கறுப்பு எழுத்து. ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீல) முறையில் உருவாக்கிய கறுப்பை மாற்றும்போது அது நான்கு மைகளிலும் பிரிந்துவிடும். நான்கு பிளேட்டுகளும் தாளில் மயிரிழை பிசகினாலும், எட்டுப் புள்ளி எழுத்தின் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் எட்டிப் பார்க்கும். எழுத்து முழுவதும் கறுப்பு மை 100, மற்ற மூன்றும் சுழியம் என்று இருக்க வேண்டும். இங்க்ஸ்கேப் தரும் பிடிஎஃப் ஆர்ஜிபியாகவே வருகிறது. எனவே சின்னத்தை எஸ்விஜியாக ஸ்கிரைபஸுக்குக் கொண்டுவந்து, நிறங்களை அங்கே மைக்கணக்கில் கொடுத்து, எழுத்தையும் அங்கேயே கோத்துப் பிடிஎஃப் எடுங்கள். பக்கத்தின் நான்கு ஓரங்களிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நிறத்தை நீட்டிவிடுங்கள். இல்லையெனில் வெட்டும்போது வெள்ளைக் கோடு விழும்.

வைகைக்கரை | டிசம்பர் 9, இரவு 9.40

சின்னத்தை 52 முனைப்புள்ளிகளில் வரைந்து முடித்துவிட்டேன். அதே பிளெக்ஸ் கடைக்காரர் கோப்பைத் திறந்து, "இது யார் போட்டது?" என்று கேட்டார். பதாகை உறுதியாகிவிட்டது.

இப்போது காணொளிக்கு வந்திருக்கிறேன். பழைய மாணவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் மங்கலாக இருக்கின்றன. 1950-களின் கடவுச்சீட்டு அளவுப் படங்கள் சில கையில் உள்ளன. பெரியவர் ஒருவரின் பேட்டியைக் கைபேசியில் எடுத்தபோது மின்விசிறி இரைச்சல் சேர்ந்துவிட்டது. அந்தப் பேட்டியில் போகப்போக உதட்டசைவும் குரலும் விலகுகின்றன.

ஒலிக்கலன் | டிசம்பர் 10, பிற்பகல் 2.18

அம்மா, திருமணக் காணொளிகளைத் தொகுப்பதே என் தொழில். நீங்கள் சொன்ன நான்கும் எங்கள் அன்றாடம்.

வாட்ஸ்அப் படங்கள் மங்குவதற்குக் காரணம், அது படத்தின் அளவைக் குறைத்து மீண்டும் ஜேபெக்காகச் சுருக்குவதுதான். 1992-இல் தரமான இந்த ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண் எளிதில் உணராத நுண்மாறுதல்களைக் கழித்துவிடுகிறது. அதன் அடிப்படைக் கணிதமான கொசைன் உருமாற்றத்தை 1974-இல் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடன் டி. நடராஜன், கே. ஆர். ராவ். (கோலக் கட்டுரையும் அதே ஆண்டு என்று மேலே பார்த்தேன், நல்ல ஆண்டுதான் போலும்.) கழித்தது திரும்பி வராது. ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். கூர்மையான ஓரங்களைச் சுற்றிக் கொசு மொய்த்ததுபோல் அழுக்குப் படியும். எனவே படங்களைப் புகைப்படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்பும்படி கேளுங்கள். திருத்தும் வேலையைக் கிம்பின் சொந்தக் கோப்பு வகையில் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒருமுறை ஜேபெக் எடுங்கள். கோடும் எழுத்தும் உள்ள படங்களுக்குப் பிஎன்ஜி.

கடவுச்சீட்டு அளவுப் படம் 35-க்கு 45 மில்லிமீட்டர். அதை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் உயரம் 531 புள்ளிதான் வரும். உங்கள் காணொளிச் சட்டகத்தின் (ஃபிரேம்) உயரமோ 1,080. 600-இல் ஸ்கேன் செய்தால் 1,063 வரும், ஏறக்குறைய நிரம்பிவிடும். முகத்தை மெதுவாக நெருங்கிக் காட்ட விரும்பினால் 1,200.

மின்விசிறிக்கு ஆடாசிட்டி என்ற கட்டற்ற மென்பொருள். அதில் பெரியவர் பேசாமல் மூச்சுவிடும் ஓரிரு நொடிகளைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று காட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு முழுப் பேட்டிக்கும் இரைச்சல் குறைப்பைச் செலுத்துங்கள். அளவு மீறினால் குரல் தகரக் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். எழுபது வயதுக் குரலில் சிறிது இரைச்சல் இருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். தகரக் குரலைச் சொல்வார்கள்.

உதட்டசைவு விலகுவதற்குக் காரணம் உங்கள் கைபேசி. நொடிக்கு 30 சட்டகம் என்று சொல்லிக்கொண்டு, வெளிச்சம் குறைந்தால் கூட்டியும் குறைத்தும் எடுக்கும். தொகுப்பு மென்பொருள் எல்லா நொடியும் சமம் என்று எண்ணி அடுக்குவதால் விலகல் சேர்ந்துகொண்டே போகிறது. காணொளிக் கோப்பை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கோப்பை இட்டு, மாறாத சட்டக வேகம் என்று தெரிவு செய்து மாற்றிய பிறகு தொகுக்கத் தொடங்குங்கள்.

தொகுப்பதற்கு உங்கள் கணினியில் ஷாட்கட் அல்லது கேடென்லைவ் ஓடும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு மிகச் சிறந்தது என்றாலும் 8 ஜிபியில் திணறும். அது ஏன் திணறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு: 1,920-க்கு 1,080 புள்ளி, புள்ளிக்கு மூன்று பைட், நொடிக்கு 30 சட்டகம், சுருக்காமல் வைத்தால் நொடிக்கு 18.6 கோடி பைட், மூன்று நிமிடத்துக்கு 33 ஜிபிக்கு மேல். உங்கள் காணொளியை எச்.264 என்ற சுருக்க முறையில் நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வெளியிட்டால் 180 எம்பியில் முடிந்துவிடும். சட்டகத்துக்குச் சட்டகம் மாறாத சுவரையும் நாற்காலியையும் திரும்பத் திரும்ப எழுதாமல், எது எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் எழுதுவதால்தான் இது முடிகிறது. ஆனால் தொகுக்கும்போது அதையெல்லாம் நொடிக்கு நொடி பிரித்து விரிக்க வேண்டும். கணினி அங்கேதான் வியர்க்கிறது.

பின்னணி இசைக்குத் திரைப்பாடலை வைக்காதீர்கள். யூடியூபில் ஏற்றியவுடன் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். உங்கள் பிள்ளைகளைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

மூன்றாம்_ஆண்டு | டிசம்பர் 10, இரவு 11.51

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சின்னத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் முப்பரிமாணமாக்கிக் காணொளியின் தொடக்கத்தில் சுழலவிட்டால் அழகாக இருக்குமே? பிளெண்டரில் உருவாக்கிய லாட்விய நாட்டு அசைவூட்டப் படமான "ஃப்ளோ" 2025-இல் ஆஸ்கரே வாங்கியிருக்கிறது.

படப்புள்ளி | டிசம்பர் 11, காலை 8.30

தம்பி, பிளெண்டரின் கதையே ஒரு தனி இழைக்குரியது. அதை நடத்திய நிறுவனம் 2002-இல் மூடப்பட்டபோது, பயனர்கள் ஏழே வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டி மூலநிரலை விடுவித்தார்கள். ஆனால் அம்மாவிடம் இருப்பவை ஆறு வாரங்கள். வடிவம், வெளிச்சம், பொருளின் மேற்பரப்பு, கேமரா என்று நான்கையும் கற்றுச் சுழலும் சின்னம் ஒன்றை எடுப்பதற்குள் விழா முடிந்துவிடும். இங்க்ஸ்கேப்பில் வரைந்த எஸ்விஜி கோப்பைப் பிளெண்டர் அப்படியே எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு ஆர்வம் இருந்தால் நீங்கள் செய்து கொடுக்கலாமே.

மூன்றாம்_ஆண்டு | டிசம்பர் 11, காலை 8.44

செய்கிறேன் ஐயா. அம்மா, எஸ்விஜி கோப்பை அனுப்பி வையுங்கள்.

வைகைக்கரை | ஜனவரி 6, மாலை 6.15

தம்பியின் சுழலும் சின்னம் வந்து சேர்ந்தது. ஐந்து நொடிதான், ஆசிரியர் அறையில் பத்து முறை ஓட்டிப் பார்த்தோம். பேட்டியில் உதடும் குரலும் ஒட்டிவிட்டன. மின்விசிறியைப் பாதி மட்டும் குறைத்தேன். பின்னணிக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாடியிருக்கிறார்கள்.

அழைப்பிதழின் மாதிரி இன்று கைக்கு வந்தது. எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன, "கொடியேற்றம்" கொம்பும் காலுமாகச் சரியாக நிற்கிறது. ஒரு குறைதான்: சின்னத்தின் நடுவிலுள்ள குங்குமச் சிவப்பு, திரையில் பார்த்ததைவிடச் சற்றுச் செங்கல் நிறமாகத் தெரிகிறது. இதற்கு வழி உண்டா, அல்லது இதுதான் தாளின் எல்லையா?

அச்சுமை | ஜனவரி 6, இரவு 7.30

எல்லை இன்னும் வரவில்லை அம்மா. ஸ்கிரைபஸில் அந்தச் சிவப்பின் மைக்கணக்கைத் திறந்து பாருங்கள். தானாக மாறியபோது சயான் கொஞ்சம் சேர்ந்திருக்கும், செங்கல் நிறத்தைக் கொடுப்பது அதுதான். சயானைச் சுழியமாக்குங்கள். மெஜந்தா 100, மஞ்சள் 100 என்று வையுங்கள். குங்குமத்தின் ஆழம் வேண்டுமானால் கறுப்பு 10 சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மாற்றிய பிறகு இன்னொரு மாதிரி கேட்டு வாங்கி, குழல்விளக்கின் கீழ் அல்லாமல் பகல் வெளிச்சத்தில் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பிளேட் போடும் முன்னால் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.